கல்சுவர், பனையோலைக் கூரை: பழைய சாளையைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் சில பழைய சாளைகள், அதாவது தோட்டத்து வீடுகள், நிற்கின்றன. காட்டில் பொறுக்கிய கருங்கல்லையும் வெங்கக்கல்லையும் மண் சாந்தில் அடுக்கிய சுவர், மேலே பனங்கை என்னும் பனைமரச் சட்டம், அதற்கு மேல் பனையோலை. எங்கள் தாத்தா காலத்துச் சாளை ஒன்றை இரண்டு கோடைகளில் சரிசெய்தோம். அதற்குப் பிறகு சொந்தத்திலும் நட்பிலும் மூன்று வீடுகளுக்குக் கூடமாட நின்றேன்.

எல்லா இடத்திலும் ஒரே தடுமாற்றத்தைத்தான் பார்த்தேன். கூரை ஒழுகுகிறது, அதனால் ஓலையை மாற்றினால் போதும் என்று தொடங்குகிறார்கள். புது ஓலை ஏறிய பிறகுதான் சுவர் பிதுங்கியிருப்பதும், கைமரத்தின் (ஓலையைத் தாங்கும் சாய்ந்த சட்டம்) அடி உளுத்திருப்பதும் கண்ணில் படுகிறது. அப்புறம் போட்ட கூரையையே பிரிக்க வேண்டிவருகிறது.

தண்ணீர், சுவர், சுவர்த்தலை, மரம், ஓலை. வேலை இந்த வரிசையில்தான் போக வேண்டும். ஓலை கடைசி. எண்கள் குழப்பாமல் இருக்க, வெளியளவில் 25 அடி நீளம், 15 அடி அகலம், இரண்டு பக்கமும் சரிவு உள்ள ஒரு சாளையை வைத்தே சொல்கிறேன். உங்கள் வீட்டு அளவை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

1. வேலைக்கு முன்: மாதம், ஆள், ஓலைக் கணக்கு

தை மாதம் அளவெடுங்கள். மாசியில் சுவர். பங்குனியில் மரமும் ஓலை வெட்டும். சித்திரையில் வேய்தல். வைகாசி முடிவதற்குள் மோடு (கூரையின் உச்சி) மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் ஆடிக் காற்றுக்கு முன் ஓலை சட்டத்தோடு படிந்து இறுகச் சில வாரம் தேவை. பாதி கட்டிய கூரையை ஆடிக் காற்றிடம் கொடுக்கக் கூடாது.

சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு வரும். சுவர்களை மூடும் அளவுக்குத் தார்ப்பாயை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். மேகம் கறுத்த பிறகு ஊருக்குள் போய்த் தேடினால் கிடைக்காது.

மரமேறும் ஆள் கிடைப்பதில்தான் இந்த வேலையே நிற்கிறது. பதநீர் பருவமும் இதே மாதங்களில்தான் வருகிறது, அவருக்கு ஓய்வே இருக்காது. தையிலேயே பேசி நாள் குறித்துவிடுங்கள்.

அடுத்தது ஓலைக் கணக்கு. சரிவு 45 பாகை என்றால் மோட்டின் உயரம் வீட்டு அகலத்தில் பாதி, அதாவது ஏழரை அடி. அப்போது கைமரம் சுவர் முனை வரை சுமார் 10.6 அடி. எறவாரத்துக்கு, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரத்துக்கு, 2 அடி சேர்த்தால் 12.6. வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடைவெளி விட்டால் ஒரு பக்கத்துக்கு 17 வரிசை. நீளத்தில் இருபுறமும் ஓரடி வெளியே நீட்டி 27 அடி. ஓர் ஓலை பக்கவாட்டில் மேலேறியது போக 2 அடி மூடும் என்று வைத்தால் வரிசைக்கு 14 ஓலை.

17 பெருக்கல் 14, 238. இரண்டு பக்கமும் சேர்த்து 476. எறவார வரிசை இரட்டை என்பதால் இன்னும் 28. மோட்டுக்கு 40. கிழிசல், பூச்சி அரித்தது எனக் கழிவு ஆறில் ஒரு பங்கு. ஆக மொத்தம் 635 ஓலை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு பனை ஆண்டுக்குச் சுமார் 12 ஓலைதான் விடும். குருத்தையும் அதைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் இளம் ஓலைகளையும் தொடவே கூடாது. மரத்துக்கு 8 ஓலை என்றால் 80 பனை வேண்டும். முதன்முதலில் இறங்குபவர்கள் தோட்டத்து வேலியோரம் நிற்கும் இருபது பனையை நம்பி வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பாதிக் கூரையில் ஓலை தீர்ந்து, பக்கத்தூரில் அலைய வேண்டிவருகிறது.

2. பிரிப்பதற்கு முன் அளந்து வரையுங்கள்

கூரை நிற்கும்போதே உள்ளேயும் வெளியேயும் படம் எடுங்கள். மோட்டுவளை (உச்சியில் நீளவாக்கில் போகும் மரம்) எந்தச் சுவரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கைமரங்களுக்கு இடையே எத்தனை சாண், வரிச்சு (ஓலை கட்டும் குறுக்குக் குச்சி) எந்த முடிச்சில் கட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கிட்டத்தில் எடுங்கள். பிரித்துக் கீழே போட்ட பிறகு எல்லாம் ஒரே மாதிரி விறகுக் குவியலாகத்தான் தெரியும்.

தரைப்படத்தில் நான்கு பக்க அளவு மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் எடுங்கள். பழைய சாளைகளில் இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. வித்தியாசம் அரையடி இருந்தால் மூலைகள் செங்கோணமாக இல்லை என்று பொருள், ஓலைக் கணக்கும் மாறலாம். வீட்டைச் சதுரமாக்கப் பார்க்காதீர்கள். கோணலான சுவர் தொண்ணூறு வருடம் நின்றிருந்தால் அதன்மேல் கோணலாகவே கூரை நிற்கும்.

சுவர்த் தடிப்பை வாசலிலும் சன்னலிலும் அளந்துகொள்ளுங்கள். ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை இருக்கும். உள்பக்கம் உள்ள மாடக்குழிகள், அட்டாலி (பரண்) தாங்கும் துளைகள் எல்லாம் படத்தில் வர வேண்டும். அந்தத் துளைகளைப் பொந்து என்று நினைத்துக் கொத்தனார் பூசி அடைத்துவிட்டதை ஒரு வீட்டில் பார்த்தேன். பிறகு அட்டாலிக்காக மறுபடி சுவரைக் குடைந்தார்கள்.

மரங்களுக்கு எண் போடுங்கள். கிழக்குப் பக்கம் தெற்கிலிருந்து கி1, கி2 என்று. சாக்பீஸ் அழிந்துவிடும். தகரத் துண்டில் ஆணியால் கீறி, கம்பியால் கட்டிவிடுங்கள்.

3. தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

கல்சுவர் மேலிருந்து கெடுவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் கெடும். மண் சாந்து நனைந்தால் சேறு. காய்ந்தபடி இருக்கும் வரை அதன் பலம் குறையாது.

வீட்டைச் சுற்றி நடந்து வெளித்தரை மட்டத்தையும் உள்தரை மட்டத்தையும் ஒப்பிடுங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் ஒன்று போதும். வருடக்கணக்கில் விழுந்த ஓலைத் தூள், சாணி, காற்றில் வந்த மண் எல்லாம் சேர்ந்து வெளித்தரை உயர்ந்திருக்கும். உள்ளே இருப்பதைவிட வெளியே மண் உயரமாக இருந்தால், மழைத்தண்ணீர் சுவருக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை.

சேர்ந்த மண்ணை வெட்டி அகற்றி, சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி நிலத்தைச் சாய்த்துவிடுங்கள். எறவாரத்து நீர் விழும் கோட்டில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போகவிடுங்கள்.

வெட்டும்போது ஓர் எச்சரிக்கை. இந்த வீடுகளுக்கு வானம் (அடித்தளம்) ஆழமாக இருக்காது. பெரிய அடிக்கல் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே தோண்டினால் சுவருக்கு அடியில் இருக்கும் மண் சரியும்.

மேடை கட்டுகிறேன் என்று வெளிச்சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அடியில் உள்ள ஈரம் தளத்தின் வழியே ஆவியாக முடியாமல் சுவருக்குள் ஏறும். அந்த இடத்தில் சரளை பரப்பினால் போதும்.

4. பழைய கூரையைப் பிரித்தல்

மோட்டிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக, கிழக்கே இரண்டு வரிசை எடுத்தால் மேற்கே இரண்டு வரிசை. ஒரு பக்கத்தை முழுதாக உரித்துவிட்டு மறுபக்கத்தைத் தொட்டால், பாரம் ஒருசாய்ந்து மோட்டுவளை நகரும். ஏற்கெனவே தளர்ந்த சுவர் என்றால் அது வெளியே தள்ளிக்கொண்டு விழும்.

முகத்துக்குத் துணி, கைக்குத் தடித்த உறை, முழுக்கால் செருப்பு. பல வருடப் புகைக்கரி கொட்டும், ஓலை அடுக்குக்குள் தேள் இருக்கும், எலியைத் தேடி வந்த பாம்பும் இருக்கலாம். வெயில் ஏறிய பிறகு, நீளக் கொம்பால் தட்டிவிட்டுப் பிரியுங்கள்.

புகை பிடித்த பழைய ஓலையை எரிக்காதீர்கள். தென்னங்குழிக்கும் எருக்குழிக்கும் போகட்டும். நன்றாக இருக்கும் பழைய ஓலையில் முப்பது நாற்பதைத் தனியாக வையுங்கள். சுவர்த்தலையைத் தற்காலிகமாக மூட அவை உதவும்.

5. சுவர்: கல்லைப் படிப்பது, பிறகு கைவைப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இந்தச் சுவர் இரண்டு முகம் கொண்டது. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் சல்லியும் மண்ணும். இரண்டு முகத்தையும் பிரியாமல் பிடிப்பவை குறுக்கே போகும் நீளக்கற்கள். ஒரு சதுர மீட்டருக்கு அப்படி ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும். எங்கே அவை குறைவோ, எங்கே நடுமண் கரைந்து போயிற்றோ, அங்கே சுவர் வயிறு தள்ளும்.

முதலில் கண்டுபிடிக்க: சுவர்த்தலையிலிருந்து தூக்குக்குண்டை விடுங்கள், ஒவ்வொரு மூன்றடிக்கும் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மரச்சுத்தியால் கற்களைத் தட்டுங்கள். கெட்டியாகக் கேட்டால் உள்ளே நிறைந்திருக்கிறது. பானையைத் தட்டியது போல் கேட்டால் உள்ளே வெற்றிடம். பிதுக்கமும் வெற்று ஓசையும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டியாக வேண்டும். பிதுக்கம் இருந்தும் ஓசை கெட்டியாக இருந்தால், கட்டும்போதே அப்படி அமைந்திருக்கலாம். அளவைக் குறித்துவைத்து, அடுத்த மழைக்குப் பின் மறுபடி அளந்து பாருங்கள்.

பிரிப்பதானால் ஒரு நேரத்தில் மூன்றடி அகலம்தான். இருபுறமும் சாய்வுக் கட்டை கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும் கற்களைத் தரையில், சுவரில் இருந்த அதே வரிசையில் பரப்புங்கள். குவியலாகப் போட்டால், ஒவ்வொரு கல்லுக்கும் பொருத்தம் தேடியே ஒரு நாள் ஓடிவிடும்.

மண் சாந்துக்குச் செம்மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டு, மிதித்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். புற்றுமண் கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் அதிகமானால் காயும்போது வெடிக்கும். ஒரு கை மண்ணைத் தட்டையாகத் தட்டி நிழலில் காயவைத்துப் பாருங்கள். விரிசல் விழுந்தால் மணல் சேருங்கள், விரலால் தேய்த்து உதிர்ந்தால் களிமண் சேருங்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு நாள் ஆகும். அதற்குப் பொறுமையில்லாமல் கட்டிய சுவரில் ஒரு மாதத்தில் விரல் நுழையும் வெடிப்பு வந்ததைப் பார்த்தேன்.

கட்டும்போது ஒவ்வொரு கல்லையும் அதன் அகலமான முகம் கீழே இருக்கப் படுக்கவையுங்கள். வெளியில் அழகாகத் தெரிய வேண்டும் என்று தட்டைக்கல்லைச் செங்குத்தாக ஒட்டினால் அது சுவரில் ஒட்டிய தோல், பாரம் தாங்காது. ஒரு கல்லின் மூட்டு அடுத்த வரிசை மூட்டுக்கு நேர்மேலே வரக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டடி உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், அடியில் உள்ள ஈரச் சாந்து பிதுங்கும். கூரைப் பாரம் வருவதற்கு முன் மூன்று வாரம் காயவிடுங்கள். மாசியிலேயே சுவரை முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சிமென்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்த நான்கு வீடுகளில் மூன்றில், கல் இடுக்கில் சிமென்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பு மண் மூட்டுகளின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி நடுமண்ணைக் கரைக்கிறது. வெளியே சிமென்ட் கோடு உறுதியாகத் தெரியும், உள்ளே சுவர் கூழாகிக்கொண்டிருக்கும். எங்கள் சாளையின் வடக்குச் சுவர் அப்படித்தான் போனது. சிமென்டைச் சின்ன உளியால், கல் உடையாமல், பொறுமையாகக் கொத்தி எடுங்கள். மின் எந்திரம் கல் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

வெளிப்பக்க மூட்டுகளை மழைக்குத் தாங்கும்படி அடைக்கச் சுண்ணாம்புச் சாந்து நல்லது. ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். பழைய மண்ணை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் கோதி எடுத்து, இடுக்கை நனைத்து, சாந்தை அழுத்தி அடையுங்கள். வெயில் நேரே படாமல் ஒரு வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகுவது, அவசரமாகக் காய்ந்தால் பொடிந்துவிடும். கடுக்காய், கருப்பட்டி சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். பூச்சு வேலைக்கு அவற்றுக்குப் பழைய வழக்கம் உண்டு. மூட்டு அடைக்க இல்லாமலே வேலை நடக்கும்.

சுட்ட சுண்ணாம்புக்கல்லை நீங்களே நீற்றுவதாக இருந்தால், தண்ணீரில் கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கல்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, குழந்தைகளை அண்டவிடாமல் செய்ய வேண்டிய வேலை.

6. சுவர்த்தலை

சுவரும் கூரையும் சேரும் இந்த ஓரடிதான் வீட்டின் பலவீனமான இடம். எலி இதன் வழியாக வரும், மழைச்சாரல் இதன் வழியாக நடுமண்ணில் இறங்கும், செல்லும் (கரையான்) இதன் வழியாகத்தான் மரத்துக்கு ஏறும்.

தளர்ந்த மேல்வரிசைக் கற்களை எடுத்துவிட்டு, சுவரின் முழுத் தடிப்பையும் மூடும் தட்டைக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் படுக்கவையுங்கள். ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கூரையின் பாரத்தைத் தாங்கும் நீளக்கட்டை இந்தக் கற்கள்மேல் உட்காரட்டும். மண்ணில் நேராகப் படுத்தால் ஈரமும் செல்லும் சேர்ந்து நாலைந்து வருடத்தில் தின்றுவிடும். கல்மேல் இருந்தால் செல் மண்குழாய் கட்டி ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம்.

கைமரங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியைக் கல்லும் சாந்தும் வைத்து அடைக்க வேண்டும். ஆனால் அது மரம் ஏறிய பிறகு. மேலே முழுதும் இறுக அடைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், அடுப்புப் புகையும் சூடும் வெளியேறட்டும். எலி நுழையாதபடி கம்பி வலை ஒட்டினால் சரி.

7. மரம்

பனையின் வலு அதன் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கறுத்து வைரம் பாய்ந்த பட்டைப் பகுதிதான் கைமரமாகும். நடுவில் இருக்கும் வெளிறிய சோற்றுப் பகுதியைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும், செல் அங்கேதான் முதலில் நுழையும். பழைய கைமரங்களை எடுத்ததும் ஒவ்வொன்றையும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவர்மேல் படுத்திருந்த அடிப்பகுதியை. முனை எளிதாக இறங்கினால் அது வேண்டாம். அடியில் ஓரடி மட்டும் உளுத்திருந்தால் வெட்டிவிட்டு, நீளம் குறைவாகத் தேவைப்படும் இடத்தில் பயன்படுத்தலாம்.

மாற்றுக் கைமரத்துக்காகப் பச்சைப் பனையை வெட்டாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் வேறு வழி இருக்கிறது. ஊரில் ஓட்டு வீடுகளை இடிக்கும் இடங்களில் முதிர்ந்த பனஞ்சட்டங்கள் விறகு விலைக்குப் போகின்றன. பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி வளையாது.

கைமரத்தின் அடிப்பக்கம் சுவரை நோக்கியும் நுனிப்பக்கம் மோட்டை நோக்கியும் இருக்க வேண்டும். பனையின் அடிப்பகுதி நுனியைவிடக் கெட்டி. சுவர் தாங்குமிடமும் எறவாரம் நீட்டுமிடமும்தான் அதிகம் உழைக்கின்றன.

சாய்ந்து நிற்கும் கைமரம் கீழே மட்டும் அழுத்துவதில்லை, சுவரை வெளியேயும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தடுப்பவை இரண்டு. மோட்டுவளை நன்றாகத் தாங்கப்பட்டு, கைமரங்கள் அதிலிருந்து தொங்குவது போல் கட்டியிருக்க வேண்டும். அடுத்து, சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் விட்டம் இரண்டு சுவரையும் பிடித்திருக்க வேண்டும். தலையில் இடிக்கிறது என்று விட்டத்தை அறுத்துவிட்ட வீடு ஒன்று உண்டு. மூன்றாம் வருடம் நீளச்சுவர் இரண்டும் வெளியே சாய்ந்திருந்தன. விட்டத்தைத் தொடாதீர்கள்.

எல்லாக் கைமரமும் ஏறிய பிறகு, எறவாரத்திலிருந்து மோடு வரை நூல் பிடித்துப் பாருங்கள். மேடுபள்ளம் இரண்டு விரலுக்கு மேல் இருந்தால் அடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள். பள்ளத்தில் ஓலை குழியும், குழியில் தண்ணீர் நிற்கும். சரிவு 45 பாகையிலிருந்து குறையவும் கூடாது. தட்டையான கூரையில் நீர் மெதுவாக இறங்கும், ஓலை நீண்டநேரம் நனைந்திருந்து மக்கும்.

வரிச்சை ஒரு சாண் இடைவெளியில் குறுக்கே கட்டுங்கள். ஓலை வரிசையும் அதே இடைவெளியில் வரும் என்பதால் இந்த அளவு பிசகினால் மேலே எல்லாம் பிசகும். சாண் அளவுக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலும் வைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் சாண் மாறும்.

8. ஓலையைப் படியவைத்தல்

முற்றிய, ஆனால் இன்னும் பச்சையாக இருக்கும் ஓலைதான் வேண்டும். மரத்திலேயே காய்ந்து தொங்குவது உடையும், இளம் ஓலை சுருங்கும்.

மட்டையை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், கட்டுவதற்கு அந்தத் துண்டுதான் பிடி. மட்டையோரத்துக் கருக்கைச் சீவிவிடுங்கள், கையைக் கிழிக்கும். வெட்டிய மீதி மட்டைகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றின் தோலை உரித்தால் கட்டுவதற்கான நார் கிடைக்கும்.

வெட்டிய அன்றோ மறுநாளோ ஓலையை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கற்களை ஏற்றுங்கள். நிழலில் பத்துப் பன்னிரண்டு நாள் கிடக்கட்டும். விசிறி மடிப்பு தட்டையாகப் படிந்துவிடும். பலர் செய்யும் தவறு, முதலில் வெயிலில் காயப்போட்டுப் பிறகு அடுக்குவது. காய்ந்த ஓலையை அழுத்தினால் மடிப்புக் கோட்டிலேயே கிழியும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது, மழைக்குத் தெரியும்.

அடுக்கை வெறும் தரையில் வைக்காமல் கல்மேல் பலகை போட்டு வைத்தால் செல் ஏறாது.

9. வேய்தல்

முந்தின நாள் மாலை ஓலைமேல் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடுங்கள். நாரைத் தொட்டியில் ஊறவையுங்கள். நனைந்த நாரில் முடிச்சு முறியாமல் விழும், காய்ந்த நார் மடங்கும் இடத்தில் வெடிக்கும்.

எறவாரத்திலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் ஏறினால்தான் தண்ணீர் ஓலைமேலேயே வழுக்கிப் போகும். முதல் வரிசையை இரட்டையாகப் போடுங்கள். மேலிருந்து வரும் மொத்த நீரும் இதன் வழியாகத்தான் விழுகிறது, காற்று முதலில் தூக்கிப் பார்ப்பதும் இதைத்தான்.

ஓலையின் மட்டைத் துண்டு மேலே, விரிந்த பக்கம் கீழே. மட்டையை வரிச்சோடு சேர்த்து இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள். பக்கத்து ஓலை முதல் ஓலையின் ஓரத்தில் ஓரடியாவது ஏறட்டும். அடுத்த வரிசையைத் தொடங்கும்போது பாதி ஓலை தள்ளித் தொடங்குங்கள். இரண்டு ஓலை சேரும் இடைவெளி மேலே உள்ள ஓலையின் நடுப்பகுதிக்குக் கீழே ஒளிந்துகொள்ள வேண்டும், செங்கல் கட்டில் மூட்டு மாறுவது போல.

இரண்டு பக்கமும் சமமாக ஏறுங்கள். இதைப் பிரிக்கும்போதும் சொன்னேன், காரணமும் அதுவேதான். எங்களுக்கு வேய்ந்து கொடுத்த பெரியவர், கிழக்கே நாலாவது வரிசை முடிந்ததும் ஆட்களைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டார். "அந்தப் பக்கம் நாலு வரட்டுங்க தம்பி, அப்புறமா ஏறிக்கலாம்" என்றார். அரைநாள் வீணாகிறதே என்று எனக்குத் தோன்றியது. வேலை முடிந்து தூக்குக்குண்டு விட்டபோது சுவர் இம்மிகூட நகரவில்லை.

ஒவ்வொரு நான்காவது வரிசைக்கும் மேலே பிளந்த மூங்கில் தப்பையைக் குறுக்கே வைத்து, ஓலைகளின் ஊடாக நாரை விட்டு உள்ளே உள்ள வரிச்சோடு இழுத்துக் கட்டுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே நின்று செய்ய வேண்டும். இந்தக் கட்டு வெளியே தெரியக் கூடாது, அடுத்த வரிசை ஓலை அதை மூடும்படி அமையுங்கள். வெளியே தெரியும் நார் வெயிலில் அறுந்துபோகும், அதன் துளை வழியாக நீரும் இறங்கும்.

ஆள் ஏறும்போது ஓலையை மிதிக்கக் கூடாது. கைமரத்தின்மேல் ஏணியைப் படுக்கவைத்து அதில் நிற்கட்டும். மிதிபட்ட ஓலை நரம்பு ஒடிந்து, அந்த இடத்திலேயே முதலில் மக்கும்.

பாதி வேலை முடிந்ததும் உச்சி வெயிலில் உள்ளே போய், கதவைச் சாத்தி, கண் பழகும் வரை நில்லுங்கள். ஊசி வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் குச்சியால் குத்தி மேலே நிற்பவருக்குக் காட்டுங்கள். முழுக் கூரையும் முடிந்த பிறகு இதைச் செய்தால் ஒட்டுப்போடுவதற்கு மேல் உள்ள ஓலைகளைத் தூக்க வேண்டிவரும்.

ஒழுகாமல் இருக்க ஓலைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்வார்கள். வேண்டாம். ஓலை நனைந்தாலும் அடியிலிருந்து வரும் காற்றிலும் அடுப்புச் சூட்டிலும் காய்ந்துவிடுவதால்தான் நிற்கிறது. தாள் அந்தக் காற்றைத் தடுக்கும். அடிப்பக்கம் ஈரமாகவே இருந்து, மேலே பார்க்க நன்றாக இருக்கும் ஓலை உள்ளே மக்கிக்கொண்டிருக்கும்.

10. மோடு

இரண்டு சரிவும் சேரும் இடத்தில் கடைசி வரிசை ஓலைகளின் மட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டிச் சமப்படுத்தி, இடுக்கில் வைக்கோலைத் திணித்து, கூர்மையான மோட்டை உருளையாக்குங்கள். ஓலையைக் கூரான விளிம்பில் மடித்தால் மடிந்த இடத்தில் கிழியும், அதனால்தான் இந்த வைக்கோல்.

அதன்மேல் மட்டை முழுதும் நீக்கிய ஓலைகளை, இரண்டு பக்கமும் தொங்கும்படி குறுக்கே போர்த்துங்கள், ஒன்றின்மேல் மற்றது பாதி ஏறும்படி. ஊரில் மழைக்காற்று எந்தத் திசையிலிருந்து வருமோ, அதற்கு எதிர்முனையில் தொடங்குங்கள். அப்போது சேரும் வாய் காற்றுக்கு முதுகு காட்டும்.

இரண்டு பக்கமும் மோட்டிலிருந்து ஒரு முழம் கீழே நீளத் தப்பை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். மோட்டின் உச்சியிலேயே துளை போட்டுக் கட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. உச்சியில் விழும் துளைக்கு மேலே மூட எதுவும் இல்லை.

11. தரை, அடுப்பு, மின்கம்பி

கூரை முடிந்த பிறகுதான் தரை. முன்னால் மெழுகினால் வேலையாட்களின் காலில் போய்விடும். மண்ணை நனைத்துத் திமிசு போட்டு இறுக்கி, காய்ந்ததும் சாணி மெழுகுங்கள்.

அடுப்பைக் கைமரத்தின் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் வைக்காதீர்கள். மோடு உயரமாக இருக்கும் நடுப்பகுதிக்கு நேர்கீழே, அல்லது தனிச் சமையல் கொட்டகையில். புகை ஓலைக்கும் மரத்துக்கும் நல்லது, பூச்சி அண்டாது. தீப்பொறி மட்டும் எட்டக் கூடாது.

மின்கம்பியைச் சுவரோடு குழாய்க்குள் கொண்டுபோங்கள். கூரைக்குள் இணைப்பு எதுவும் வரவே கூடாது. எலி கடித்த ஒரு கம்பி போதும், கூரை முழுவதும் போக.

12. முதல் மழையும் அதற்குப் பிறகும்

முதல் பெருமழையின்போது வீட்டிலேயே இருங்கள். ஒழுகும் இடத்தை உள்ளே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்காது. கைமரத்தின் வழியே ஓடிவந்து கீழே சொட்டும், அதனால் சொட்டிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். வெளியே வந்து வாய்க்காலில் நீர் ஓடுகிறதா, எங்காவது சுவரடியில் தேங்குகிறதா என்றும் பாருங்கள்.

ஆனி மாதக் கடைசியில் எறவார வரிசையைக் கையால் இழுத்துப் பாருங்கள். தளர்ந்த கட்டுகளை மாற்றி, தேவைப்பட்டால் கூரையின் குறுக்கே கயிறு போட்டு இருமுனையிலும் கல் தொங்கவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் சுவர்த்தலையைச் சுற்றிச் செல்லின் மண்குழாய் இருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிடுங்கள்.

கூரை முழுதும் ஒரே நாளில் கெடாது. எறவாரமும் மோடும் முதலில் போகும், பிறகு மழைக்காற்று அடிக்கும் சரிவு. அந்த இடங்களை மட்டும் வருடாவருடம் மாற்றிக்கொண்டு வந்தால் நடுப்பகுதி பல வருடம் தாங்கும். அதற்காக, வேய்ந்து மீதியான ஓலைகளை அட்டாலியில் புகை படும்படி தட்டையாக அடுக்கிவையுங்கள். எங்கள் வீட்டில் நாற்பது ஓலை அப்படிக் கிடந்தது. இரண்டாம் வருட ஆனியில் எறவாரத்துக்கு அதில் பதினெட்டு எடுத்தோம்.